முட்டித் தசைநார் பாதி கிழிந்தால்: கட்டுக்கும் கத்திக்கும் இடைப்பட்ட மாதங்கள்

முழங்கால் தசைநார் கிழிவு என்றாலே கால்பந்து, கிரிக்கெட் வீரர்களின் பெயர்கள்தாம் செய்திகளில் அடிபடுகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அந்தக் காயம் வந்து சேரும் வழிகள் வேறு. மழை பெய்த மறுநாள் தலைச்சுமையோடு வரப்பில் நடக்கும்போது வழுக்குவது, ஜல்லி சிதறிய வளைவில் சாயும் பைக்கைத் தாங்கிப் பிடிக்கத் தன்னையறியாமல் காலை ஊன்றுவது, மாங்காய் பறித்து முடித்துத் தாழ்ந்த கிளையிலிருந்து குதிப்பது, ஒகேனக்கல்லில் பாசி படிந்த பாறையில் கால் வைப்பது, எருது விடும் விழாவில் பாய்ந்து வரும் காளைக்கு ஒதுங்கச் சட்டெனத் திரும்புவது, கபடிக் களத்தில் பாடிப் போனவர் கோட்டைத் தொடத் திரும்பும் நொடியில் பிடிபடுவது என்று இவற்றில் பெரும்பாலானவற்றில் நடப்பது ஒன்றே: பாதம் தரையில் ஊன்றி நிற்க, அதன் மேலே முழங்கால் முறுக்கிக்கொள்கிறது.

பிறகு ஸ்கேன் அறிக்கையில் ‘பகுதிக் கிழிவு’ என்ற வரி வந்ததும் வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். “பாதிதானே கிழிஞ்சிருக்கு, கட்டுப் போட்டுப் படுத்தா ஒட்டிக்கும்” என்பார்கள் பெரியவர்கள். “ஆபரேஷன் பண்ணாத்தான் சரியாகும், பெங்களூருக்குப் போயிடலாம்” என்று இளையவர்கள் பணத்துக்கு அலையத் தொடங்குவார்கள். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் முடிவு செய்ய இயலாது. கிழிந்தது எந்த நார், எஞ்சிய இழைகள் மூட்டை ஆடாமல் பிடித்திருக்கின்றனவா, வலி அடங்கிய பிறகு வரும் மாதங்களில் அந்தக் காலுக்கு என்ன பயிற்சி கிடைக்கிறது ஆகிய மூன்றும் சேர்ந்தே கால் தேறுவதைத் தீர்மானிக்கின்றன. நம் பக்கத்தில் மூன்றாவதுதான் பெரும்பாலும் கைவிடப்படுகிறது என்பது என் கணிப்பு.

நான்கு நார்கள்

தொடை எலும்பின் உருண்ட முனை, கீழ்க்கால் எலும்பின் ஏறத்தாழத் தட்டையான மேற்பரப்பில் அமர்ந்திருக்கும் இடமே முழங்கால். இடுப்பு மூட்டில் உள்ளதுபோல எலும்பே எலும்பைக் கவ்விப் பிடிக்கும் அமைப்பு இங்கே இல்லாததால், மூட்டை நிலைநிறுத்தும் பொறுப்பு நான்கு தசைநார்களையும் சுற்றியுள்ள தசைகளையும் சார்ந்திருக்கிறது. உட்பக்கத்தில் ஒன்றும் வெளிப்பக்கத்தில் ஒன்றுமாகப் பக்கவாட்டு நார்கள் இரண்டு. மூட்டுக்குள்ளே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் முன்குறுக்கு நாரும் பின்குறுக்கு நாரும் மற்ற இரண்டு. மருத்துவமனைச் சீட்டில் இவை முறையே எம்.சி.எல்., எல்.சி.எல்., ஏ.சி.எல்., பி.சி.எல். என்று இருக்கும். எலும்புகளுக்கு நடுவே அதிர்வைத் தாங்கும் பிறை வடிவக் குருத்தெலும்புத் தட்டுகள் இரண்டும் உண்டு. மெனிஸ்கஸ் எனப்படும் அவை கிழிந்தாலும் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்றே ஊரில் சொல்வார்கள். அவற்றுக்கான சிகிச்சை தனி.

ஏ.சி.எல். சுமார் 3 சென்டிமீட்டர் நீளமே உள்ள நார். அமெரிக்காவில் சேவியோ வூவும் உடன் ஆய்வாளர்களும் இறந்தவர்களின் முழங்கால்களைச் சோதித்து 1991இல் வெளியிட்ட அளவீட்டில், 22 முதல் 35 வயது வரையிலானவர்களின் ஏ.சி.எல். அறுவதற்குச் சராசரியாக 2,160 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 220 கிலோ எடை தொங்குவதற்கு ஈடான இழுவை, தேவைப்பட்டது. 60 வயதைக் கடந்தவர்களின் நார் 658 நியூட்டனிலேயே அறுந்தது. இளைஞரை நொண்டவைத்துவிட்டுப் போகும் ஒரு வழுக்கல், அதே வரப்பில் அவருடைய பாட்டிக்கு நாரையே அறுத்துவிடக்கூடும் என்பதற்கு இந்த இரண்டு எண்களுமே விளக்கம்.

பகுதிக் கிழிவைப் புரிந்துகொள்ள மிகவும் முக்கியமானது, இந்த நார்கள் ஆறும் விதத்தில் உள்ள வேறுபாடு. உட்பக்கவாட்டு நார் மூட்டுக்கு வெளியே, இரத்த ஓட்டமுள்ள திசுக்களை ஒட்டிக் கிடக்கிறது. அது கிழிந்தால் கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, அந்த உறைவின் மேல் புதிய இழைகள் படர்ந்து, நார் தானே கூடிவிடுகிறது. பகுதிக் கிழிவுக்கு மட்டுமன்றி, வேறு நார்கள் சேதமாகாதபோது முழுக் கிழிவுக்கும்கூட இதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஏ.சி.எல்.லோ மூட்டுக்குள்ளே, மூட்டுத் திரவத்தால் சூழப்பட்டு நிற்கிறது. கிழிந்த முனைகளுக்கிடையே பாலமாக நிற்க வேண்டிய இரத்த உறைவு அந்தத் திரவத்தில் நிலைப்பதில்லை. ஆகவே முழுதும் அறுந்த ஏ.சி.எல். தானே கூடிச் சேர்வது அரிது. பாதி கிழிந்ததில் எஞ்சிய இழைகள் சுமையைத் தாங்கக் கற்றுக்கொள்கின்றனவே தவிர, பழைய நார் அப்படியே திரும்புவதில்லை. விரற்கடைத் தூரத்தில் இருக்கும் இரண்டு நார்களுக்கு இவ்வளவு வேறுபாடு இருப்பதால்தான், “எனக்கும் கிழிஞ்சது, ஒரு மாசத்துல சரியாயிடுச்சு” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் அனுபவம் நமக்குப் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பைக்கிலிருந்து விழுந்து, மடங்கிய முழங்காலின் கீழ்ப்பகுதி தரையிலோ கல்லிலோ நேராக மோதினால் பி.சி.எல். கிழியலாம். இது ஏ.சி.எல்.லைவிட நன்றாக ஆறும். வெளிப்பக்கவாட்டு நார் கிழிவு குறைவாகவே வரும். வந்தால் அருகிலுள்ள நரம்பும் அடிபட்டிருக்கலாம் என்பதால், பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

படம் காட்டுவதும் கை உணர்வதும்

கிழிவை மருத்துவர்கள் மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் இழைகள் நீண்டு நுண்ணிய சேதம் மட்டுமே. இரண்டாவதில் ஒரு பகுதி அறுந்திருக்கும். மூன்றாவது முழு அறுபடல். இரண்டாம் நிலையே நாம் பேசும் பகுதிக் கிழிவு. அதற்குள்ளும் கால்வாசி அறுந்ததும் முக்கால்வாசி அறுந்ததும் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஏ.சி.எல்.லில் இரண்டு கற்றைகள் உள்ளன: ஒன்று முதன்மையாகக் கீழ்க்கால் முன்னால் நழுவாமல் தடுக்கிறது, மற்றொன்று கால் நீண்டிருக்கும்போது முறுக்கத்தைக் கட்டுப்படுத்துவதில் கூடுதல் பங்கு வகிக்கிறது. எது கிழிந்தது என்பதைப் பொறுத்து, நடக்கையில் ஒன்றும் தெரியாமல் திரும்பும்போது மட்டும் கால் வாரிவிடலாம்.

அடிபட்ட நேரத்து விவரம் மருத்துவருக்குப் பாதி நோயறிதல் ஆகும். ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டதா, எழுந்து நடக்க முடிந்ததா, வீக்கம் எவ்வளவு நேரத்தில் வந்தது என்பவற்றை மறக்காமல் சொல்ல வேண்டும். ஓரிரு மணி நேரத்திலேயே முட்டி முழுதும் புடைத்துக்கொண்டால் மூட்டுக்குள் இரத்தம் கசிகிறது என்று பொருள், ஏ.சி.எல். சந்தேகம் வலுக்கும். மறுநாள் மெல்ல வந்த வீக்கமும் உட்பக்கத்தில் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலியும் இருந்தால், உட்பக்கவாட்டு நாரையோ மெனிஸ்கஸையோ முதலில் நினைப்பார்கள்.

எலும்பு முறிவை விலக்க எக்ஸ்ரே தேவையா என்று பார்க்க ஒட்டாவா விதிகள் என்று ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. வயது 55 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, முட்டிச் சில்லில் மட்டும் தொட்டால் வலித்தாலோ, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் உள்ள சிற்றெலும்பின் தலைப்பகுதியில் வலித்தாலோ, காலை 90 டிகிரி மடக்க முடியாவிட்டாலோ, நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இவ்வளவையும் பார்த்துவிடலாம்.

எம்.ஆர்.ஐ. முழுக் கிழிவைத் துல்லியமாகக் காட்டும் அளவுக்கு ஏ.சி.எல். பகுதிக் கிழிவைக் காட்டுவதில்லை. வீங்கிய நாரும் பாதி அறுந்த நாரும் படத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல் தெரியலாம். பகுதி என்று எழுதப்பட்டது மூட்டுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கையில் முழுக் கிழிவாக இருப்பதும், அதன் மறுதலையும் நிகழ்கின்றன. இந்த இடத்தில்தான் மருத்துவரின் கை முக்கியமாகிறது. படுக்கையில் படுத்திருப்பவரின் முழங்காலை 20 முதல் 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னோக்கி இழுப்பார். நல்ல காலில் சிறிது நகர்ந்ததும் கயிறு இறுகியதுபோல ஒரு திடமான நிறுத்தம் கையில் தட்டும். நார் முழுதும் அறுந்த காலில் அந்த நிறுத்தமே இராது. பாதி கிழிந்ததில் நகர்வு சற்றுக் கூடினாலும் இறுதியில் பிடி கிடைக்கும். ஜோசப் டார்க் 1976இல் விவரித்து, தம் ஆசிரியர் ஜான் லாக்மன் பெயரால் வழங்கச் செய்த இந்தச் சோதனைக்குச் செலவு இல்லை, ஒரு நிமிடம் போதும். புதிதாக அடிபட்டு வலியில் தசை இறுகியிருக்கும்போது இதன் முடிவு தெளிவாக இராது. அதனால் பத்து நாள் கழித்து மீண்டும் வரச் சொல்வது அலட்சியத்தின் அடையாளம் அன்று. காலைத் தொட்டுப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் இடத்தில், வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது நல்லது.

முதல் நாட்கள்: உருவுவதும் கட்டுவதும்

அடிபட்ட அன்று சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு உருவிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மூட்டுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் சில நாட்களில் அழுத்தி நீவுவது கசிவைக் கூட்டும். பாதி கிழிந்த நாரை முழுதாக அறுப்பதற்குத் தேவையான முறுக்கையும் சில கைகள் கொடுத்துவிடும். சூடான ஒத்தடமும் அந்நாட்களில் வேண்டியதில்லை.

ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்த முறையை அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின் 1978இல் பிரபலப்படுத்தினார். 2014இல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தலாம் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இன்றைய நடைமுறை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: வலியைத் தணிக்க முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸை 15 அல்லது 20 நிமிடம் வைக்கலாம், கிரேப் பேண்டேஜை இறுக்கமின்றிச் சுற்றி, படுக்கையில் கால் இதயத்தின் மட்டத்துக்கு மேல் இருக்கும்படி தலையணை வைக்கலாம், ஆனால் முழு ஓய்வு ஓரிரு நாளோடு முடிய வேண்டும். வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் எடுக்க வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைக் கலவைகள் முட்டியைவிடப் பெரிய தொந்தரவில் கொண்டுபோய் விடக்கூடும். கிழிந்த நாரருகே ஸ்டீராய்டு ஊசி போடுவது திசுவைப் பலவீனப்படுத்தும் என்பதால் அதையும் தவிர்ப்பதே முறை.

அடுத்தது கட்டு. ஆந்திரத்துப் புத்தூரின் பெயரால் அறியப்பட்ட எலும்பு முறிவுக் கட்டுக்கு, ஆந்திர எல்லையை ஒட்டிய நம் பகுதியில் நீண்டகாலச் செல்வாக்கு உண்டு. பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துச் சுற்றும் அந்தக் கட்டு வலியைக் குறைப்பதை மறுக்க வேண்டியதில்லை. அசையாத மூட்டு குறைவாகத்தான் வலிக்கும். முறிந்த எலும்பு கூடுவதற்கு அசையாமை தேவை. கிழிந்த நாருக்கு அளவான அசைவு தேவை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே கட்டைப் போட்டு வாரக்கணக்கில் வைத்திருப்பதில்தான் சிக்கல். நீண்ட நாள் அசையாமல் வைத்த மூட்டில் நார் எலும்போடு ஒட்டும் இடம் பலமிழப்பதையும், அளவாக அசைக்கப்பட்ட மூட்டில் உட்பக்கவாட்டு நார் திடமாகக் கூடுவதையும் விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நீண்ட மாவுக் கட்டிலும் இதே கேடு உண்டு; ஆகையால் இது நாட்டு வைத்தியத்துக்கும் ஆங்கில வைத்தியத்துக்கும் இடையிலான சண்டை இல்லை. இரண்டாம் நிலை உட்பக்கவாட்டு நார் கிழிவுக்கு இன்று கொடுக்கப்படுவது, பக்கவாட்டில் சாயாமல் தடுத்து, முன்பின்னாக மடக்க விடும் கீல் வைத்த பிரேஸ். அதைப் போட்டுக்கொண்டே ஊன்றுகோலின் துணையுடன், தாங்கும் அளவுக்கு எடை கொடுத்து நடக்கலாம். படி ஏறும்போது நல்ல காலும், இறங்கும்போது அடிபட்ட காலும் முதலில் போக வேண்டும். நொண்டாமல் நடக்க முடியும் நாளில்தான் ஊன்றுகோலை விட வேண்டும், அதற்கு முந்தி விட்டால் நொண்டலே நடையாகிவிடும்.

கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தால் இரத்தக் குழாயில் உறைவு ஏற்பட்டிருக்கலாம். முட்டி சிவந்து காய்ச்சல் வந்தாலோ, பாதம் மரத்துப்போனாலோ, மூட்டு ஒரு கோணத்தில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாவிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தொடைத் தசையை எழுப்புதல்

முட்டியில் வீக்கம் வந்தவுடன் தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடலே மட்டுப்படுத்திவிடுகிறது. நோயாளி சோம்பலாக இருப்பதால் தசை மெலிவதில்லை. அவர் இறுக்க முயன்றாலும் தசை முழுதாகச் சுருங்குவதில்லை. சில வாரங்களிலேயே இரண்டு தொடைகளின் சுற்றளவில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். நார் பாதியான மூட்டுக்கு மீதிப் பிடிப்பைத் தர வேண்டியது இந்தத் தசையும் பின்தொடைத் தசையுமே என்பதால், சிகிச்சையின் மையம் இங்கேதான் இருக்கிறது.

தொடக்கம் மிக எளியது. பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அந்தத் துண்டைத் தரையோடு நசுக்குவதுபோல முழங்காலைக் கீழே அழுத்த வேண்டும். சரியாகச் செய்தால் முட்டிச் சில்லு தொடைப் பக்கமாகச் சற்று மேலேறும். சில்லுக்கு மேலே உட்புறத்தில் விரல்களை வைத்தால், அதுவரை தொளதொளவென்று இருந்த தசை கல்லாக இறுகுவது தெரியும். ஐந்து நொடி பிடித்து விட்டு, பத்து முறை, நாளைக்கு நான்கைந்து தடவை. முதல் நாட்களில் தசை இறுகாமல் இடுப்புதான் எழும்பும். அப்போது நல்ல காலில் முதலில் செய்து பார்த்து, அதே உணர்வை அடிபட்ட காலில் தேட வேண்டும். அடுத்து, துண்டைக் குதிகாலுக்கு அடியில் மாற்றி வைத்து முழங்காலின் பின்பக்கம் தரையை நோக்கித் தானாகத் தாழும்படி விட வேண்டும். கடைசி ஐந்து டிகிரி நீட்டம் திரும்பாமல் போனால் வாழ்நாள் முழுதும் நடை கெடும் என்பதால், மடக்குவதைவிட நீட்டுவதற்கே முதலிடம். படுத்தபடி காலை நேராகத் தூக்கும் பயிற்சியில் கீழ்க்கால் மட்டும் சற்றுத் தொங்கினால் தசை இன்னும் தயாராகவில்லை.

குதிகாலைத் தரையில் இழுத்து மெல்ல மடக்குவது, சுவரைப் பிடித்து அரைக் குந்தல், ஒரு படி ஏறி இறங்குதல், ஒற்றைக் காலில் நிற்றல், இருக்கையை உயர்த்திய சைக்கிள் என்று படிப்படியாகக் கூடும். ஒற்றைக் காலில் நிற்பது விளையாட்டாகத் தோன்றினாலும் அதற்குக் காரணம் உண்டு. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பு முனைகள் நாருக்குள் இருக்கின்றன, கிழிவில் அவையும் சேதமாகின்றன. சமநிலைப் பயிற்சி அந்த உணர்வைச் சுற்றியுள்ள தசைகள் வழியாக மீட்கிறது. பயிற்சியின் அளவை அன்றைய வலியைவிட மறுநாள் காலை வீக்கம் நன்றாகச் சொல்லும்: முட்டி முந்தைய நாளைவிடப் புடைத்திருந்தால் ஒரு படி பின்வாங்க வேண்டும், இல்லையென்றால் முன்னேறலாம்.

உட்பக்கவாட்டு நாரின் இரண்டாம் நிலைக் கிழிவு ஏறத்தாழ 4 முதல் 8 வாரங்களில் அன்றாட வேலைக்குத் தேறும். ஏ.சி.எல். பகுதிக் கிழிவுக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். இந்தக் கணக்கில் எல்லோரும் தவறவிடும் ஒன்று, வலியின் காலமும் நாரின் காலமும் வெவ்வேறு என்பது. கிழிந்த இடத்தில் அழற்சி சில நாள். புதிய இழைகள் உருவாவது ஆறு வாரம் வரை. ஒழுங்கின்றிப் படர்ந்த அந்த இழைகள் இழுவிசையின் திசையில் அடுக்கிக்கொண்டு முறுக்கேறுவதற்கு ஓராண்டும் அதற்கு மேலும். வலியோ மூன்றாம் நான்காம் வாரத்திலேயே அடங்கிவிடும். நார் இன்னும் பச்சையாக இருக்கும் அந்த இடைவெளியில்தான் வயல் கூப்பிடும், ஓசூர் சிப்காட்டில் ஷிப்டுக்கு ஆள் கேட்பார்கள், கபடிக் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கும்.

நம் வேலைகளில் முழங்காலுக்கு மிகக் கடினமானது குந்துவது. சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள் விடியற்காலையில் மாட்டின் மடிக்குக் கீழே குந்தி, இரண்டு முட்டிகளுக்கும் நடுவே வாளியை இடுக்கிக்கொண்டு கறக்கிறார்கள். அந்த நிலையில் முழங்கால் 120 டிகிரிக்கு மேல் மடங்கியிருக்கும். மாடு ஓர் அடி நகர்ந்தால் உடலை முறுக்கி எழ வேண்டும், கால் தட்டினால் பக்கவாட்டில் விழ வேண்டும். குறைந்தது இரண்டு மூன்று மாதம் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து கறப்பதோ, வீட்டில் வேறொருவர் கறப்பதோதான் வழி. கேழ்வரகு அறுப்பதும் களையெடுப்பதும் இதே வகை. பட்டுப்புழு வளர்ப்பவர்கள், தழைக்கட்டை முதுகில் ஏற்றிக்கொண்டு மனைக்குள் திரும்புவதைத் தவிர்த்து, தட்டடுக்குகளுக்கு நின்றபடியே தழை போடலாம். கழிப்பறையில் குந்த முடியாதவருக்கு நடுவில் ஓட்டையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி போதும். பைக்கில் கிக்கரை உதைப்பதும் ஸ்டாண்ட் போட வண்டியைக் காலால் தாங்குவதும், தசை திரும்பும் வரை வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்பார்கள். ஆட்டுக்கால் சூப் குடிப்பதில் தவறில்லை, ஆனால் அது நேராக முட்டிக்குப் போவதில்லை. களியாக நாம் தின்னும் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அது எலும்புக்கு நல்லது. தசை திரும்பப் புரதம் வேண்டும்: முட்டை, கொள்ளு, பருப்பு, பால். பீடி, சிகரெட் நாரின் ஆறுதலைத் தாமதப்படுத்தும்.

ஃபுளோரைடு என்ற உள்ளூர்ச் சிக்கல்

வேறு ஊர்களுக்கு எழுதப்பட்ட மருத்துவக் குறிப்புகளில் இராத ஒன்று இங்கே உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை மீறி இருந்துவந்தது. அதனால்தான் 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. பல ஆண்டுகள் அந்த நீரைக் குடித்தவர்களில் சிலருக்குப் பல்லில் கறை தெரிவதோடு, எலும்பு அடர்ந்து, தசைநார்களிலும் சுண்ணாம்பு படிந்து, மூட்டுகள் விறைத்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே வளர்ந்த 50, 60 வயதுக்காரர் ஒருவருக்கு நார் கிழிந்து, பயிற்சிக்குப் பிறகும் முட்டி மடங்க மறுத்தால், அவர் பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லை என்று கடிந்துகொள்வதற்கு முன், முன்கை எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்ப்பது நியாயம். அங்கே இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் விறைப்புக்கு வேறு காரணமும் இருக்கிறது.

அறுவை சிகிச்சையும் அரசு வசதிகளும்

ஏ.சி.எல். முழுதும் அறுந்தவர்களுக்கே உடனடி அறுவை சிகிச்சை கட்டாயமா என்ற கேள்விக்கு ஸ்வீடனில் ரிச்சர்ட் ஃப்ரோபெல் குழுவினர் நடத்திய ஆய்வு முக்கியமானது. 2010இல் வெளியான அதில் 121 இளம் வயதினரில் ஒரு பாதியினருக்குத் தொடக்கத்திலேயே நார் மாற்று அறுவையும் பயிற்சியும், மறு பாதியினருக்கு முதலில் பயிற்சியும் தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவையும் தரப்பட்டன. பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் இரண்டு ஆண்டுகளில் 23 பேரும், ஐந்து ஆண்டுகளில் 30 பேரும் அறுவைக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை. மூட்டின் வலி, செயல்பாடு ஆகியவற்றில் இரு பிரிவுகளுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. முழுக் கிழிவிலேயே நிலைமை இது என்றால், நிலையாக இருக்கும் பகுதிக் கிழிவில் மூன்று மாதமாவது ஒழுங்கான பயிற்சிக்குக் கொடுத்துப் பார்ப்பதே சரியான வரிசை. பயிற்சிக்குப் பின்னும் கால் மீண்டும் மீண்டும் வாரினாலோ, மெனிஸ்கஸ் கிழிந்து மூட்டு பூட்டிக்கொண்டாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட நார்கள் போயிருந்தாலோ, திரும்பித் தாவும் விளையாட்டே பிழைப்பு என்றாலோ கணக்கு மாறும். தனியார் கிளினிக்குகளில் பரிந்துரைக்கப்படும் பிளேட்லெட் ஊசி (நோயாளியின் இரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்துப் போடுவது), பாதி கிழிந்த ஏ.சி.எல்.லைக் கூட்டிவைக்கும் என்பதற்கு இதுவரை உறுதியான சான்று போதாது. அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்குச் செலவிடுவதே மேல் என்பேன்.

அறுவைக்கு ஏற்ற வசதியைத் தேடி எல்லோரும் பெங்களூருக்கோ சேலத்துக்கோ போக வேண்டியதில்லை. தருமபுரியில் 2008 முதலும், கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. எலும்பியல் பிரிவில் காலைக் காட்டிவிட்டு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான பிரிவில் தம் அட்டைக்கு எது பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளலாம். பயிற்சிக்காகப் பலமுறை பஸ் ஏறி இறங்குவது முட்டிக்காரருக்குத் தண்டனை. அந்த வகையில், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வரும் ஏற்பாடும் இருக்கிறது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை தரும் திட்டமாக மட்டுமே அதைப் பலர் அறிந்திருக்கிறார்கள். நடமாட முடியாத முதியவருக்கு முட்டிப் பயிற்சி தேவை என்றால் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

களத்துக்குத் திரும்புவதற்கு நாள்காட்டியை மட்டும் நம்பக் கூடாது. வீக்கம் அறவே இல்லாமல், முழு நீட்டமும் முழு மடக்கமும் திரும்பி, அடிபட்ட காலின் பலம் மற்றக் காலில் 90 சதவீதத்தையாவது எட்டி, ஒற்றைக் காலில் தாவி இறங்கும்போது முட்டி உள்நோக்கிச் சாயாமல் நிற்க வேண்டும். நார் மாற்று அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றி 2016இல் வெளிவந்த நார்வே, அமெரிக்க ஆய்வொன்றில், ஒன்பது மாதம் வரை விளையாட்டைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் 51 சதவீதம் குறைந்தது. எருது விடும் விழாவுக்கும் பொங்கல் கபடிக்கும் தேதி ஊரில் முன்பே குறிக்கப்பட்டுவிடும் என்பதால், ஐப்பசியில் அடிபட்ட இளைஞரைத் தை மாதத்தில் இறக்கிவிடத்தான் எல்லோருக்கும் ஆசை இருக்கும். அந்த ஆண்டை விட்டுவிட்டு, கட்டாந்தரையில் ஓட்டம், பிறகு வளைந்து ஓடுதல், பிறகு திடீர் நிறுத்தம், கடைசியாக ஆளோடு மோதல் என்று ஏறுவதுதான் பொருத்தம்.

ஆறு மாதம் நன்றாக இருந்த கால் ஒருநாள் சமதரையில் நடக்கும்போதே வாரினால், அது புதிய சுளுக்கு என்று எண்ணிப் பழைய கட்டை எடுத்துச் சுற்றிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. எஞ்சியிருந்த இழைகள் அறுந்திருக்கலாம். வாரும் ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸ் நசுங்க வாய்ப்புண்டு. பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு, முன்பு காலைக் கையால் சோதித்த மருத்துவரிடமே போய், கீழ்க்காலை இழுத்தால் அந்தத் திடமான நிறுத்தம் இன்னும் கையில் தட்டுகிறதா என்று மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும்.